ஒரு பட்டன், ஒரு எண்: வெப் புரோகிராமிங்கில் சின்னப் பயிற்சி என்றால் என்ன?

சித்தி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன விடுமுறையில் வெப் டெவலப்மென்ட் வீடியோ தொடர் ஒன்றை முழுசாகப் பார்த்து முடித்தான். நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் தொடர். அழகான கையெழுத்தில் ஒரு நோட்டு நிறையக் குறிப்பும் எடுத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளி, "ஒரு பட்டன் வை. அதை அழுத்தினா பக்கத்துல இருக்கிற எண் ஒண்ணு கூடணும். அவ்வளவுதான்" என்றேன். வெறும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம், "அண்ணா, பார்க்கும்போது எல்லாமே புரிஞ்சுது. இப்ப எங்க ஆரம்பிக்கணும்னே தெரியல" என்றான். முகம் வாடிப்போயிருந்தது.

இந்த நிலைமையில் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். நமக்கு மூளை போதாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. அவன் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், பயிற்சி. "பயிற்சி செய்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். வீடியோவில் வருவதைப் பார்த்துப் பார்த்து டைப் செய்வதை ஒருவர் பயிற்சி என்கிறார். எடுத்த எடுப்பில் அமேசான் மாதிரி ஒரு கடையைக் கட்டுவதை இன்னொருவர் பயிற்சி என்கிறார். இங்கே நான் விளக்கப்போவது இரண்டையும் அல்ல. பத்து நிமிடத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற, ஒரே ஒரு கேள்வி உள்ள சின்னப் பயிற்சி. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் தேவையான பயிற்சிகளை நீங்களே உருவாக்கிக்கொள்ள முடியும்.

## தையல் வகுப்பின் முதல் நாள்

எங்கள் தெருவில் ஓர் அக்கா தையல் வகுப்பு நடத்துகிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் துணியே தருவதில்லை. ஊசியில் நூலும் கோத்திருக்காது. பழைய செய்தித்தாளில் ஸ்கேல் வைத்து நேர்கோடுகள் போட்டுக் கொடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டச் சொல்வார். பார்க்க எளிதாக இருக்கும். உட்கார்ந்தால்தான் தெரியும், கால் ஒரு வேகத்தில் மிதிக்கும், கை வேறொரு வேகத்தில் தாளைத் தள்ளும், சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் கோட்டை விட்டு எங்கே விலகின என்று அப்படியே தெரியும். அதற்கு அக்கா வந்து சொல்ல வேண்டியதில்லை. நேர்கோடு கைக்கு வந்தபின் வளைகோடு. அதற்கப்புறம் சதுரம், ஏனென்றால் மூலையில் ஊசியை இறக்கி வைத்துவிட்டுத் தாளைத் திருப்பப் பழக வேண்டும். நூல், கைக்குட்டை, தலையணை உறை எல்லாம் பிறகு. ஜாக்கெட் பல வாரம் கழித்துத்தான்.

அந்தச் செய்தித்தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறமையைத்தான் அது கேட்கிறது. தப்பு நடந்தால் அந்த நிமிடமே கண்ணுக்குத் தெரிகிறது. தாள் கிழிந்தாலும் நஷ்டமில்லை. இந்த மூன்றும் இருந்தால் அது பயிற்சி. அக்கா தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் பார்ப்பதில் முதல் இரண்டும் இல்லை. முதல் நாளே பட்டு ஜாக்கெட் தைப்பதில் மூன்றுமே இல்லை.

வெப் புரோகிராமிங்கில் இந்தச் செய்தித்தாளுக்குச் சமமானது எது என்று பார்க்க, முதலில் ஒரு வெப் பக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

## பக்கத்துக்குள் நடக்கும் மூன்று வேலைகள்

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மணமக்கள் பெயர், நாள், முகூர்த்த நேரம், மண்டபம் என்று விவரங்கள் இருக்கின்றன. எது தலைப்பு, எது பெயர், எது முகவரி என்ற பிரிவும் இருக்கிறது. வெப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்வது எச்டிஎம்எல். "இது தலைப்பு, இது பத்தி, இது பட்டன்" என்று ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் போடும் மொழி அது. அந்த அடையாளத்துக்கு டேக் என்று பெயர்.

அதே விவரங்களை மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தில் அடிக்கலாம், வெள்ளை அட்டையில் தங்க எழுத்திலும் அடிக்கலாம். நிறம், எழுத்தின் அளவு, ஓரக் கோடு இதையெல்லாம் தீர்மானிப்பது சிஎஸ்எஸ்.

அச்சடித்த பத்திரிகையைத் தொட்டால் எதுவும் நடக்காது. மண்டபத்தின் பெயரை அழுத்தினால் வழி காட்டாது. தொட்டால் பதில் சொல்கிற வேலை ஜாவாஸ்கிரிப்டுடையது.

இந்த மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை இல்லை. ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வெப்புக்கான திட்டத்தை எழுதினார், எச்டிஎம்எல்லும் அவர் உருவாக்கியதுதான். தோற்றத்தைத் தனியாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் யோசனையை ஹோக்கன் வியூம் லீ 1994-இல் முன்வைத்தார். பிரவுசர் செய்துகொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் ஒரு மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார். முதலில் மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட் என்று அழைக்கப்பட்ட அந்த மொழிக்கு அதே வருடக் கடைசியில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் மாறியது. அப்போது ஜாவா என்ற இன்னொரு புரோகிராமிங் மொழியின் பெயர் பரபரப்பாக அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. வெப் பக்கம் கற்க ஜாவா புத்தகம் வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. நீங்கள் எழுதி வைத்த கோப்பு வேறு, திரையில் தெரியும் பக்கம் வேறு. பிரவுசர் அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துத் தன் நினைவகத்தில் ஒரு மரம் கட்டுகிறது. வம்சாவளி மரம் போலத்தான். பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்றே அதன் பகுதிகளைச் சொல்கிறார்கள். இந்த மரத்துக்கு டாம் என்று பெயர். திரையில் தெரிவது இந்த மரம். ஜாவாஸ்கிரிப்ட் மாற்றுவதும் இந்த மரத்தைத்தான், கோப்பில் கை வைப்பதில்லை. அதனால்தான் ரீஃப்ரெஷ் செய்தால் பக்கம் பழையபடி ஆகிவிடுகிறது. பிரவுசர் கோப்பை முதலிலிருந்து படித்து மரத்தைப் புதிதாகக் கட்டுகிறது.

இதுவரை பார்த்தது: எச்டிஎம்எல் துண்டுகளுக்கு அடையாளம் போடுகிறது, சிஎஸ்எஸ் தோற்றம் தருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் பதில் சொல்கிறது. பிரவுசர் கோப்பைப் படித்து டாம் என்ற மரத்தைக் கட்டுகிறது, நாம் பார்ப்பது அந்த மரத்தை.

## முதல் பயிற்சி: அழுத்தினால் ஒன்று கூட வேண்டும்

இப்போது தம்பியிடம் கேட்ட அந்தப் பட்டனுக்கு வருவோம். இதற்குத் தேவையானவை ஒரு நோட்பேட், ஒரு பிரவுசர், அவ்வளவுதான். சாதாரண கோப்பு ஒன்றை எச்டிஎம்எல் என்ற பின்னொட்டோடு சேமித்து பிரவுசரில் திறந்தால் போதும். பக்கத்தில் ஒரு பட்டனும் 0 என்ற எண்ணும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய வேலையைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

எண்ணிக்கை = 0
பட்டன் அழுத்தப்படும்போது இதைச் செய்:
— எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
— திரையில் உள்ள எண் = எண்ணிக்கை

நான்கே வரி. ஆனால் நான்கிலும் ஒவ்வொரு புதுக் கருத்து உட்கார்ந்திருக்கிறது.

முதல் வரியில் இருப்பது மாறி. பெயர் ஒட்டிய டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் டப்பாவில் இன்று என்ன இருக்கிறதோ, நாளை அதையே எடுத்துவிட்டு வேறு நிரப்பலாம். பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மாறும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த டப்பாவுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எண்ணிக்கை என்று தமிழ் எழுத்தில் எழுதினால் பிரவுசர் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். மொழியின் சொந்தக் கட்டளைகள் மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இது பெரிய உதவி. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது வரி கணக்கு வகுப்பில் தப்பு. ஒரு எண் எப்படி தன்னைவிட ஒன்று அதிகமான எண்ணுக்குச் சமமாகும்? இங்கே சமக்குறி "சமம்" என்று சொல்லவில்லை. வலப்பக்கம் வருவதைக் கணக்கிட்டு இடப்பக்க டப்பாவில் போடு என்கிறது. சமக்குறியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது வரிதான் வெப் புரோகிராமிங்கின் உயிர். பட்டன் அழுத்தப்படுவது ஓர் ஈவென்ட், அதாவது பிரவுசர் கவனித்துச் சொல்லும் ஒரு நிகழ்வு. வீட்டு வாசலில் அழைப்பு மணி மாட்டுவது போலத்தான் இது. யாராவது வருகிறார்களா என்று நாள் முழுக்க வாசலில் நிற்பதில்லை. மணியை மாட்டி, "அடித்தால் போய்க் கதவைத் திற" என்று சொல்லி வைக்கிறோம். மணி அடித்தால் ஓட வேண்டிய அந்த வேலைத் தொகுப்புக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஒரு பெயர் கொடுத்து வைத்த, தேவைப்படும்போது கூப்பிடுகிற வரிகள்.

நான்காவது வரியைத் தம்பி எழுதவில்லை. "பட்டன் வேலை செய்யல அண்ணா" என்றான். நான் பதில் சொல்லாமல், டப்பாவில் இருப்பதை கன்சோலில் எழுதிக் காட்டும்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கன்சோல் என்பது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் ஒரு குறிப்புப் பலகை. விண்டோஸ் கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் வரும் பலகையில் கன்சோல் என்ற பகுதி இருக்கும். பட்டனை அழுத்த அழுத்த அங்கே 1, 2, 3, 4 என்று வந்துகொண்டே இருந்தது. திரையில் மட்டும் 0. அவன் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப டப்பா மாறுது. திரைக்கு யாரும் சொல்லல" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் நாற்பது மணி நேர வீடியோவில் இல்லாமல் இருந்திருக்காது. பலமுறை சொல்லியிருப்பார்கள். ஆனால் நினைவகத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும் தனித்தனி என்பது, தன் கையால் எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடும்போதுதான் உள்ளே இறங்குகிறது.

அப்புறம் அவன் இன்னொரு தப்பு செய்தான். முதல் வரியை ஃபங்ஷனுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டான். எத்தனை முறை அழுத்தினாலும் 1-ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் டப்பா புதிதாக 0-இல் இருந்து தொடங்குகிறது, ஒன்று கூடுகிறது, மறக்கப்படுகிறது. ஒரு மாறி எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் ஆயுள் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா. ஈவென்ட் என்பது மணி. ஃபங்ஷன் என்பது மணி அடித்ததும் ஓடும் வேலை. டப்பாவில் மாறுவது தானாகத் திரைக்கு வராது, நாம்தான் கொண்டுவர வேண்டும்.

## 5-உம் 3-உம் சேர்ந்தால் 53

அடுத்த பயிற்சி இன்னும் சின்னது. இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண், கூட்டிக் காட்ட வேண்டும். ஐந்தும் மூன்றும் போட்டு அழுத்தினால் 53 என்று வரும். இதில் தடுக்கி விழாத ஆரம்பநிலைக்காரர் ரொம்ப அபூர்வம்.

காரணம் இதுதான். உள்ளீட்டுக் கட்டத்தில் நாம் எதைத் தட்டினாலும் பிரவுசர் அதை எழுத்தாகவே கொடுக்கிறது. எழுத்துகளின் வரிசைக்கு ஸ்டிரிங் என்று பெயர். கூட்டல் குறிக்கு ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு வேலை உண்டு. எண்கள் கிடைத்தால் கூட்டும், ஒரு பக்கம் ஸ்டிரிங் இருந்தாலும் பக்கத்தில் ஒட்டிவிடும். "5" என்ற எழுத்தும் "3" என்ற எழுத்தும் ஒட்டினால் 53. கடைப் பலகையில் எழுதிய 5-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது போல.

அதே இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 15 என்று சரியாக வரும். பெருக்கலுக்கு ஒட்டுகிற வேலை கிடையாது, அதனால் அது எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கூட்டலில் தப்பு, பெருக்கலில் சரி என்று வரும்போது தலை சுற்றத்தான் செய்யும். இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று, எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டுவது எப்படி என்று தேடிப் பிடிப்பவருக்கு "தரவின் வகை" என்ற பெரிய தலைப்பின் பாதி கைவசமாகிவிடும்.

## முதலில் கணிக்க வேண்டும், அப்புறம் ஓட்ட வேண்டும்

இந்தப் பயிற்சிகள் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கு இப்போது வரலாம். கட்டுரையின் மையம் இதுதான்.

புரோகிராம் எழுதத் தெரிந்தவர் என்றால் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்கள்கூட கட்டளையின் எழுத்துக்கூட்டலைத் தேடித்தான் பார்க்கிறார்கள். அவர்களிடம் இருப்பது வேறு. ஒரு வரியைப் பார்த்தவுடன், இதை ஓட்டினால் பிரவுசர் என்ன செய்யும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்க முடிகிறது. ஏதோ தப்பாக நடந்தால், எந்த வரி இப்படிச் செய்திருக்கும் என்று பின்னோக்கியும் போக முடிகிறது. மனதுக்குள் ஒரு சின்ன பிரவுசர் ஓடுகிறது என்று சொல்லலாம். கற்பது என்றால் அந்த உள் பிரவுசரை உண்மையான பிரவுசரோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துப்போக வைப்பது.

ஒத்துப்போக வைக்க ஒரே வழி, இரண்டையும் ஒப்பிடுவது. 5-உம் 3-உம் சேர்ந்தால் 8 வரும் என்று மனது சொல்கிறது, திரை 53 என்கிறது. அந்த இடைவெளி கண்ணில் பட்டால்தான் மனதில் இருப்பது திருத்தப்படும். வீடியோ பார்க்கும்போது இந்த இடைவெளி வருவதே இல்லை. நாம் கணிப்பதற்கு முன்பே ஆசிரியர் விடையைக் காட்டிவிடுகிறார். பார்த்தவுடன் "ஆமாம், இப்படித்தான் வரும்" என்று தோன்றும். அந்தத் தோற்றத்தைத்தான் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதையொட்டிய ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் இரண்டு சிறு பகுதிகளைப் படித்தார்கள். ஒன்றைத் திரும்பப் படித்தார்கள். இன்னொன்றை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததுதான் அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழாக மாறிவிட்டது. நினைவிலிருந்து எழுதியது சுமார் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது, திரும்பப் படித்தது 42 சதவீதம். அந்த ஐந்து நிமிட முடிவுதான் நம்மை ஏமாற்றுகிறது. வீடியோ முடிந்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அதனால்தான்.

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் நினைத்தால் போதாது. விடை வந்தபின் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனது மாற்றிக்கொள்ளும். தாளில் எழுதியதை மாற்ற முடியாது.

## சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

தையல் தாளில் துளை காட்டுவதை இங்கே பிழைச் செய்தி காட்டுகிறது. கன்சோலில் சிவப்பு நிறத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்ததும் பலர் அதைப் படிக்காமலேயே மூடிவிடுகிறார்கள். அதில் என்ன வகைப் பிழை, என்ன நடந்தது, எந்தக் கோப்பில் எத்தனாவது வரி என்று மூன்று விஷயம் இருக்கும். மற்றது புரியாவிட்டாலும் வரி எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

அதிகம் வரும் ஒன்றைச் சொல்கிறேன். 'நல்' என்பதன் பண்பைப் படிக்க முடியவில்லை என்று வரும். நல் என்றால் ஒன்றுமில்லை. பட்டனைத் தேடினேன், அப்படி ஒன்று இல்லை, இல்லாத ஒன்றில் மணியை எப்படி மாட்டுவது என்று பிரவுசர் கேட்கிறது. கோப்பில் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். பிரவுசர் மேலிருந்து கீழாகப் படித்து மரம் கட்டுகிறது என்று பார்த்தோம் அல்லவா? ஜாவாஸ்கிரிப்ட் மேலே இருந்தால், அது ஓடும் நேரத்தில் பட்டன் இன்னும் கட்டப்படவே இல்லை. அதைப் பக்கத்தின் கடைசிக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். மரம் எப்படிக் கட்டப்படுகிறது என்று முன்பு படித்தது ஒரு தகவல். இந்தப் பிழையைத் தீர்த்தபின் அது உங்களுடையது.

இன்னொன்று நமக்கே உரிய சிக்கல். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும். தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அடையாளப் பெயரை வைத்துத் துண்டைத் தேடும் கட்டளை 'ஐடி' என்று முடியும். அதில் 'ஐ' பெரிய எழுத்து, 'டி' சின்ன எழுத்து. இரண்டையும் பெரிய எழுத்தாகப் போட்டுவிட்டு அரை மணி நேரம் தேடியவர்கள் உண்டு. அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று செய்தி வந்தால் முதலில் எழுத்தின் அளவைச் சரிபாருங்கள்.

## "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. எதுவும் நிறுவ வேண்டாம், கன்சோலைத் திறந்தால் போதும். ஒரு ஸ்டிரிங்கின் நீளம் எவ்வளவு என்று கேட்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் உண்டு, அதற்கு லெங்த் என்று பெயர். "தமிழ்" என்ற சொல்லின் லெங்த் என்ன? முதலில் தாளில் எழுதுங்கள்.

மூன்று என்று எழுதியிருப்பீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்றுதான் சொல்லும். பிரவுசர் 5 என்கிறது.

கணினிகள் உலக மொழிகளின் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுப் பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர். அதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 'த' ஒன்று. 'மி' என்பது 'ம' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என்று இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. 'ழ்' என்பதும் 'ழ' ஒன்று, புள்ளி ஒன்று. ஆக ஐந்து. நம் இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்தால் உயிர்மெய். யூனிகோடில் அகரம் ஏறிய எழுத்துதான் அடிப்படை, அதன் தலையில் புள்ளி வைத்தால் மெய்.

இப்போது அடுத்த கேள்வி. ஸ்டிரிங்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசையைத் திருப்பி, மறுபடி ஒட்டினால் என்ன வரும்? "ழ்மித" என்று எதிர்பார்ப்போம். வருவது வேறு. முதலில் தாங்க எழுத்தில்லாத ஒரு புள்ளி தனியாக நிற்கும், அப்புறம் ழி, ம, த. புள்ளி அனாதையாகி, ம-வின் கொக்கி ழ-வில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஏன் அப்படி என்று ஐந்து துண்டுகளையும் தாளில் எழுதித் திருப்பிப் பாருங்கள், வரிசையாகப் பிடிபடும்.

பெயருக்குப் பத்து எழுத்துதான் அனுமதி என்று எண்ணும் ஒரு படிவம், தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டிவிடுவதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்து எண்ணும் கருவியும் இப்போது பிரவுசர்களிலேயே இருக்கிறது, செக்மென்டர் என்று பெயர். தமிழில் படிவம் செய்யப்போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடுவதால்தான் நம் பெயர்கள் இத்தனை இடத்தில் உடைகின்றன.

## ஜெராக்ஸ் கடைக் கணக்கு

"இப்படி நடந்தால் இது, இல்லாவிட்டால் அது" என்ற முடிவெடுப்புக்கு நிபந்தனை என்று பெயர். அதற்கு ஒரு பயிற்சி. ஒரு ஜெராக்ஸ் கடையில் 10 பக்கம் வரை பக்கத்துக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 1 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். பக்கங்களின் எண்ணிக்கையைத் தட்டினால் தொகை வர வேண்டும்.

12 பக்கத்துக்கு எவ்வளவு? எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றரை ரூபாய் என்றால் 18. முதல் பத்துக்கு இரண்டு ரூபாய், மிச்சம் இரண்டுக்கு மட்டும் ஒன்றரை என்றால் 23. கேள்வியைப் படித்தபோது இந்த இரண்டு அர்த்தம் இருப்பது தெரியவே இல்லை, எழுத உட்கார்ந்தபின்தான் தெரிகிறது. முதல் முறையில் எழுதினால் 10 பக்கத்துக்கு 20 ரூபாய், 11 பக்கத்துக்கு 16 ரூபாய் 50 காசு. ஒரு பக்கம் கூட எடுத்தால் பணம் குறைகிறது. கடைக்காரர் ஒப்புக்கொள்வாரா?

நிபந்தனை எழுதினால் எல்லையில்தான் சோதிக்க வேண்டும். 9, 10, 11 மூன்றையும் போட்டுப் பாருங்கள். "10-ஐவிடச் சின்னது" என்று எழுதினீர்களா, "10 அல்லது அதைவிடச் சின்னது" என்று எழுதினீர்களா என்பது அந்த நடு எண்ணில் மாட்டும். 0 போட்டால் என்ன? கட்டத்தைக் காலியாக விட்டால்? "பத்து" என்று எழுத்தில் தட்டினால்? ஒவ்வொரு கேள்வியும் அடுத்த நாளுக்கு ஒரு பயிற்சி.

இப்படித்தான் பயிற்சிகளை உருவாக்குவது. ஓடுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். பட்டியலாகத் தேவைப்பட்டால் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் இலவசமாகவே வரிசையாக இருக்கின்றன, கட்டளைகளின் விளக்கத்துக்கு, ஃபயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மோசில்லாவின் எம்டிஎன் பக்கங்கள் உண்டு.

## விடையை யாரிடம் கேட்பது?

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் ஜெராக்ஸ் கணக்கை நொடியில் எழுதிக் கொடுத்துவிடும், அப்புறம் நான் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையில் இருப்பவர் கேட்டு வாங்கலாம். கற்கிறவர் வாங்கினால் கணிப்பு, இடைவெளி, திருத்தம் மூன்றும் போய்விடும். தையல் தாளை அக்காவே ஓட்டிக் கொடுப்பது போலத்தான். அது எழுதிக் கொடுத்தது 18-ஆ 23-ஆ என்று பார்த்துச் சொல்லவும் மனதுக்குள் அந்தச் சின்ன பிரவுசர் வேண்டும்.

கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. இருபது நிமிடம் முயன்றும் நகரவில்லை என்றால் கேளுங்கள். கேட்கும்போது, "இந்த வரியில் இது வரும் என்று நினைத்தேன், இது வந்தது, ஏன்?" என்று கேளுங்கள். விடையை முழுசாக வாங்கிவிட்டால், அதை மூடி வைத்துவிட்டு மறுநாள் வெறும் கோப்பில் இருந்து திரும்ப எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் எந்த இடம் இன்னும் பிடிபடவில்லை என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

தம்பிக்கு அன்று சாயங்காலம் கிளம்பும்போது அடுத்ததைக் கொடுத்து அனுப்பினேன். அதே பக்கத்தில் ஒன்று குறைக்கும் பட்டனும் வேண்டும், எண் 0-க்குக் கீழே போகக் கூடாது. செய்துவிட்டு 7 வரை கொண்டுபோய், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ய வேண்டும். செய்வதற்கு முன்னால், திரையில் என்ன எண் இருக்கும், ஏன் என்று தாளில் எழுதி வைக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, பஸ் ஏறுவதற்குள்ளேயே எழுத ஆரம்பித்துவிட்டான்.